நன்னடத்தைச் சான்று யாரிடம் வாங்குவது?

காலை நடையில் என்னோடு வரும் நண்பர் ஒருவருக்கு எழுமலைப் பக்கம் நாலு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. போன மாசி மாதம் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கி, பறிக்கத் தயாராக இருந்த நிலக்கடலையில் பாதியைக் கிளறிப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து அவருக்குத் துப்பாக்கி ஆசை. "சார், நீங்க தாலுகா ஆபீஸ்ல இருந்தவரு. ஒரு லைசென்ஸ் குடுக்க எதுக்கு இத்தனை கெடுபிடி? நான் என்ன திருடனா, கொலைகாரனா?" என்று கேட்கிறார். நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை இதற்கு. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பன்றி விஷயத்தை முடித்துவிடுகிறேன். துப்பாக்கி உரிமம் வேறு, பன்றியைச் சுடும் அனுமதி வேறு. கையில் உரிமம் இருக்கிறது என்பதற்காக யாரும் காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு போட்ட உத்தரவின்படியும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறையிடம்தான் இருக்கிறது. ஆகவே நண்பர் துப்பாக்கி வாங்கினாலும் கடலை மிஞ்சாது. மிஞ்சப் போவது துப்பாக்கி மட்டும்தான். அது வீட்டுக்குள் இருக்கும். என் பேச்சு அதைப் பற்றித்தான்.

நான் வாழ்நாளில் துப்பாக்கி சுட்டதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, அம்மாவின் ஊரான இந்த உசிலம்பட்டிக்கு வந்து, வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன். துப்பாக்கிகளைவிடத் துப்பாக்கிக் கோப்புகளைத்தான் அதிகம் தூக்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் தோன்றியதைச் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் இது பெரிய பிரச்சினையா என்று கேட்கலாம். 2016 கடைசியில் மத்திய உள்துறை வைத்திருந்த கணக்குப்படி நாடு முழுவதும் சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம் உரிமங்கள். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் 22,500 சொச்சம். குறைவுதான், சந்தோஷம். ஆனால் துப்பாக்கி இருக்கிற வீட்டுக்கு மாநிலத்தின் சராசரியால் என்ன பயன்? அந்த வீட்டில் ஒன்று இருக்கிறது. அதுவே அவர்களுக்கு முழுக் கணக்கு.

இப்போது சட்டம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. படித்துப் பார்த்தால் யோசித்து எழுதப்பட்ட சட்டம் என்றுதான் சொல்வேன். விண்ணப்பதாரரிடம் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்று அதன் 14ஆம் பிரிவில் இருக்கிறது. பணக்காரன் பொறுப்பானவன், ஏழை பொறுப்பில்லாதவன் என்ற நினைப்பைச் சட்டம் வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதே பிரிவு, "எந்தக் காரணத்தாலாவது" தகுதியில்லாதவர் என்று அதிகாரி கருதினால் மறுக்கலாம் என்றும் சொல்கிறது. கொடுத்த பிறகும், அதே காரணத்துக்காக 17ஆம் பிரிவின்கீழ் நிறுத்தி வைக்கலாம், ரத்து செய்யலாம். 2016ஆம் வருட விதிகள் வந்தபின் மருத்துவச் சான்றும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் கேட்கிறார்கள். 2019ஆம் வருடத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்தது. எல்லாம் நல்லதுதான்.

சட்டத்தில் இவ்வளவு இருந்தும், கோப்பில் அது எப்படி வந்து சேர்கிறது தெரியுமா? விண்ணப்பம் மேலே போகும். அறிக்கை கேட்டுக் கீழே வரும். காவல் நிலையத்திலிருந்து ஒன்று, வருவாய்த் துறையிலிருந்து ஒன்று. கடைசியில் எல்லா அறிக்கையும் ஒரே வரியில் வந்து நிற்கும்: "மேற்படி நபர் நன்னடத்தை உள்ளவர். அவர்மீது வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை." எத்தனை கோப்பில் இந்த வரியைப் பார்த்திருப்பேனோ, கணக்கில்லை. முதல் வாக்கியத்துக்கு ஆதாரம் இரண்டாவது வாக்கியம் மட்டுமே. வழக்கு இல்லை, ஆகவே நன்னடத்தை. ஒரு மனிதன் கோபம் வந்தால் என்ன செய்வான், குடித்தால் எப்படி இருப்பான், சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் தட்டு எங்கே பறக்கும் என்பதெல்லாம் எந்த அறிக்கையிலும் இருக்காது.

ஒரு அம்மாள் ஞாபகத்துக்கு வருகிறார். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். கணவர் பெயரில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஊரில் மதிப்பான மனிதர், வழக்கு வம்பு கிடையாது. உரிமம் புதுப்பிக்க வந்திருந்தது. அந்த அம்மாள் தனியாக வந்து, என் மேசைக்கு எதிரே நின்று, மெல்லிய குரலில், "அய்யா, இந்தத் தடவை அதைப் புதுப்பிச்சுக் குடுக்காதீங்க" என்றார். காரணம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி கோவம் வந்தா அதைத்தான் எடுத்துத் துடைக்கிறாரு" என்றார்.

சுட்டதில்லை, குறிபார்த்ததும் இல்லை. துடைப்பார், அவ்வளவுதான். தோட்டாக்களைத் தானியக் குதிருக்குள் ஒளித்து வைத்திருப்பதாகவும், ஒவ்வொரு முறை கம்பு அள்ளும்போதும் கையால் தடவி எண்ணிப் பார்ப்பதாகவும் சொன்னார். அவர் சொன்னதை மனுவாக எழுதி, அவர் ரேகையை வாங்கிக் கோப்பில் சேர்த்து மேலே அனுப்பினேன். "புகார் மீது வழக்கு ஏதும் இல்லை, மேல்நடவடிக்கை தேவையில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. உரிமம் புதுப்பிக்கப்பட்டது. கடைசிவரை அந்த வீட்டில் அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லிவிட முடியுமா? அந்த அம்மாள் எத்தனை வருடம் குதிருக்குள் கையை விட்டு எண்ணியிருப்பார்!

"எந்தக் காரணத்தாலாவது" என்று சட்டம் திறந்துவைத்த கதவு அது. அதன் வழியாக வந்தவரைத் திருப்பி அனுப்பியது படிவம்.

அப்படியானால் ஆளின் குணத்தை அரசாங்கம் நன்றாக விசாரிக்க வேண்டும் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் உசிலம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. குணத்தை விசாரிக்கிறேன் என்று அரசாங்கம் கிளம்பினால் என்ன நடக்கும் என்பதை இந்த மண் பார்த்திருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று 1871இல் வந்தது. பின்னால் அது எங்கள் பகுதிக்கும் வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். இன்ன சாதியில் பிறந்தவன் குற்றவாளி என்று முன்கூட்டியே முடிவு. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ராத்திரியில் காவலர் கண்முன் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் இறந்தவர்களில் ஒருவர். அங்கே நினைவுத்தூண் இருக்கிறது, போய்ப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் அதே வெள்ளைக்காரர் காலத்தில் நடந்தது. குடகு நாட்டவருக்கு 1861இல் ஆயுத உரிமத்திலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். இவர்கள் விசுவாசிகள், நம்பலாம் என்ற கணக்கு. குடகர் இனத்தவருக்கும் ஜம்மா நிலம் உள்ளவர்களுக்கும் அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஆயுதத்தைப் பூசையில் வைத்து வணங்கும் மரபு உள்ளவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. பத்து வருட இடைவெளியில் ஒரே அரசாங்கம் ஒரு கூட்டத்தைப் பிறப்பால் நல்லவர் என்றும், இன்னும் பல கூட்டங்களைப் பிறப்பால் கெட்டவர் என்றும் எழுதி வைத்ததைத்தான் சொல்கிறேன். இரண்டும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். எந்தக் கூட்டத்திலும் கோபக்காரன் உண்டு, நிதானக்காரனும் உண்டு. சாதிச் சான்றிதழில் அது தெரியாது.

பணத்திலும் புகழிலும் தெரியுமா? அதுவும் தெரியாது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் நடந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எம்.ஆர். ராதாவைத் தெரியாத தமிழன் அன்று இல்லை. எம்.ஜி.ஆரோடு எத்தனையோ படங்களில் நடித்தவர். பேச வீட்டுக்கு வந்த இடத்தில் துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்குக் கழுத்தில் காயம். அதன்பின் அவர் குரலே மாறிப்போனது. ராதாவின் உடம்பிலும் குண்டு. விசாரணை நீதிமன்றம் ராதாவைக் குற்றவாளி என்று கண்டு ஏழு வருடத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அரசியலை விட்டுவிடுங்கள். நாடே அறிந்த மனிதர் ஒருவரின் இடுப்பில் ஒரு சின்ன இயந்திரம் இல்லாமல் இருந்திருந்தால், அன்றைய சண்டை எதில் முடிந்திருக்கும்? கூச்சலில் முடிந்திருக்கும். மிஞ்சிப்போனால் கைகலப்பில் முடிந்திருக்கும். ஒரு வாரத்தில் யாராவது நடுவில் புகுந்து சமாதானம் பேசியிருப்பார்கள்.

பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாத்தியார் "சாங்-ஃப்ருவா" என்ற சொல்லை அடிக்கடி சொல்வார். நேரடிப் பொருள் 'குளிர்ந்த ரத்தம்'. பதற வேண்டிய நேரத்தில் பதறாமல் இருக்கிற நிதானத்துக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் அது. நம் ஊரில் கோபம் வந்தால் "ரத்தம் கொதிக்குது" என்கிறோம், அதற்கு நேர் எதிர்ப்பதம். துப்பாக்கி வைத்திருப்பவருக்குத் தேவையான குணம் என்ன என்று கேட்டால் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்வேன். வீரம் வேண்டாம், குறி தப்பாத கண்கூட அவ்வளவு முக்கியமில்லை. ரத்தம் குளிர்ந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் ஆபத்து ஒரு நிமிடத்துக்குள் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ராணுவ வீரர்கள் துப்பாக்கியை வீட்டுக்கே கொண்டுபோய் வைத்திருப்பது பழக்கம். 2003இல் ராணுவத்தை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்கினார்கள். அதனால் பல வீடுகளில் துப்பாக்கி இல்லாமல் போயிற்று. பிற்பாடு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, ராணுவ வயது ஆண்களிடையே துப்பாக்கித் தற்கொலை குறைந்திருந்தது. அப்படித் தப்பியவர்களில் பெரும்பாலோர் வேறு வழியைத் தேடிப் போகவும் இல்லை. அந்த நிமிடம் கடந்துவிட்டது, ஆள் பிழைத்துவிட்டார். அமெரிக்காவிலும் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். திருடனுக்காக வாங்குகிறோம் என்று சொல்கிற துப்பாக்கி யாரை அதிகம் கொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் அரசுக்கும் இது தெரியாததல்ல. தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, எதற்கு? ஊர் சூடாக இருக்கும்போது கையெட்டும் தூரத்தில் ஆயுதம் இருக்கக் கூடாது என்பதற்குத்தான். ஊருக்குச் சூடு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. வீட்டுக்கு அது எந்த ராத்திரியும் வரலாம்.

இந்த நிதானம் உள்ள மனிதரையும் பார்த்திருக்கிறேன். பழைய விவசாயி ஒருவர், அப்போதே எழுபதை நெருங்கியவர். அப்பா காலத்துத் துப்பாக்கி அது. நல்ல நிலையில், எண்ணெய் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் வந்து உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். கை நடுங்குகிறதா, கண் சரியில்லையா என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். மகன் குடிக்க ஆரம்பிச்சிட்டான். வீட்ல இது இருக்கக் கூடாது" என்றார். பரம்பரைச் சொத்து, ஊரில் அதனால் ஒரு மரியாதை. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்தால் போதாதா என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். "நான் பெத்த புள்ளைக்கு நான் ஒளிச்சு வைக்கிற இடம் தெரியாதா?" என்றார் பெரியவர். துப்பாக்கி வைத்திருக்கும் பொறுப்பு என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர், அதை வைத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்த அந்த மனிதர்தான்.

பெரியவருக்கு மகன் குடிப்பது தெரியும். அந்த அம்மாளுக்குக் கணவரின் கோபம் தெரியும். ஒருவருடைய குணம் அவர் வீட்டுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அந்த வீட்டைக் கேட்காமல் நன்னடத்தைச் சான்று எழுதுகிறோம். ஆகவே என் யோசனை மூன்று:

1. உரிமம் கேட்பவரோடு ஒரே வீட்டில் வாழும் வயது வந்த எல்லோரையும், முக்கியமாக மனைவியையும் தாயையும், தனித்தனியாக விசாரிக்க வேண்டும். பெண்களைப் பெண் அதிகாரியே விசாரிக்க வேண்டும். அவர்கள் சொன்னது கோப்பில் மூடிய உறையில் இருக்க வேண்டும். மறுப்பு உத்தரவில் அவர்கள் பெயர் வரக் கூடாது.

2. வீட்டில் உள்ளவர் யாராவது அஞ்சி மனுக் கொடுத்தால், முதலில் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், விசாரணை அப்புறம். வழக்கு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

3. உரிமக் காலத்தை 2019இல் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீட்டியிருக்கிறார்கள். காகிதத்துக்கு ஐந்து வருடம் இருக்கட்டும். வீட்டு விசாரணை மட்டும் வருடம் ஒருமுறை வேண்டும். ஐந்து வருடத்தில் குடிக்காதவன் குடிக்கலாம், கடன் வரலாம், மனம் உடையலாம்.

இது என் கற்பனை ஆசை என்று நினைக்காதீர்கள். கனடாவில் துப்பாக்கி உரிமம் கேட்கும் விண்ணப்பத்திலேயே வாழ்க்கைத் துணையின் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. கையெழுத்து இல்லாவிட்டால், அதிகாரியே அந்தத் துணைக்குத் தகவல் சொல்ல வேண்டும். அங்கே படிவத்தில் இடம் வைக்க முடிகிறது. இங்கே ஏன் முடியாது?

பெண்டாட்டி சண்டை போட்டுக்கொண்டு வேண்டுமென்றே மனுக் கொடுத்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கட்டும். துப்பாக்கி இரண்டு மாதம் காவல் நிலையத்தில் தூங்கும். விசாரித்துப் பொய் என்று தெரிந்தால் திரும்பி வரும். அவருக்கு இரண்டு மாத நஷ்டம். மனு உண்மையாக இருந்து நாம் கேட்காமல் விட்டால் வரும் நஷ்டம் திரும்பி வராது. இதில் எது பெரிது என்று பார்க்கக் குமாஸ்தாவின் கூட்டல் கழித்தலே போதும்.

இன்னொரு எதிர்க்கேள்வியும் உண்டு. பயந்த பெண், கேட்டாலும் உண்மை சொல்வாளா? எல்லோரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்காமலேயே ஒரு அம்மாள் படியேறி வந்து சொன்னார். கேட்டிருந்தால் இன்னும் எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ!

நண்பருக்கு என் பதில் இதுதான்: நீங்கள் திருடனும் இல்லை, கொலைகாரனும் இல்லை. அது எனக்குத் தெரியும். உங்களுக்குக் கோபம் வரும்போது நான் உங்கள் வீட்டில் இருப்பதில்லை, அதனால் அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் முதலில் கேளுங்கள்.

ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் இன்று வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், மறுபடி கேட்டு வற்புறுத்த வேண்டாம். உரிமம் பெற்ற ஆயுத வியாபாரிகள் பாதுகாப்பாக வைத்துக்கொள்வார்கள், ரசீது தருவார்கள். உரிமமே வேண்டாம் என்றால் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள். எனக்கு இன்னும் அந்தக் கையெழுத்து மறக்கவில்லை, எழுதித் தருகிறேன்.